யாரு பாத்துக்கிறா?

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நின்று "இங்கே பராமரிப்பாளர் யார்?" என்று கேட்டால், ஏதோ கட்டடத்துக்கு வாட்ச்மேன் யாரென்று கேட்பதாகத்தான் நினைத்துக்கொள்வார்கள். "அப்பாவை யாரு பாத்துக்கிறா?" என்று கேளுங்கள், உடனே பதில் வரும். சின்ன மருமக. இல்லையென்றால் கல்யாணம் ஆகாம இருக்கிற பொண்ணு. அதுவும் இல்லையென்றால், "வேற யாரு, நான்தான்". வேலை இருக்கிறது, செய்கிற ஆள் இருக்கிறார், வேலைக்கு ஒரு நல்ல வினைச்சொல்லும் இருக்கிறது. செய்பவருக்குத் தனியாக ஒரு பெயர் மட்டும் கிடையாது. உறவுமுறைதான் பெயர்.

இந்தப் பெயர் விஷயம் எனக்கு ஏன் உறுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் ஒரு சின்ன தொலைபேசி உதவிச் சேவையில் தன்னார்வலராக இருக்கிறேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், மறதி நோய் வந்தவர்கள், மனநோய் உள்ளவர்கள், இவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற குடும்பத்தாருக்கான லைன் அது. பத்துப் பதினைந்து பேர் கைக்காசு போட்டு நடத்துவது. பிழைப்புக்கு மென்பொருள். சொந்த ஊர் பெரம்பலூருக்குப் பக்கம் என்பதால் 04328, 04329 ஏரியாவிலிருந்து வரும் கால்களை என் பக்கம் தள்ளிவிடுவார்கள். (இப்போது எல்லாமே செல்போன்தான். எஸ்.டி.டி. கோடு சொல்வது பழக்கதோஷம்.) கூப்பிடுகிறவர் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "எனக்கு ஒண்ணும் இல்ல சார், அவங்களுக்குத்தான்."

ஒண்ணும் இல்லாதவர் எதற்குக் கூப்பிடுகிறார்? நோயாளிக்கு அல்ல, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு போன் தேவைப்படும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? இதைத் தேடப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

போனில் முகம் தெரியாத ஒருவரின் துயரத்தைக் கேட்பது என்ற பழக்கத்துக்கு ஒரு தெளிவான தொடக்கம் இருக்கிறது. 1953 நவம்பர், லண்டன். சாட் வாரா என்ற ஆங்கிலிகன் பாதிரியார். 1935-ல் அவர் நடத்திய முதல் சவ அடக்கங்களில் ஒன்று 14 வயதுப் பெண்ணுடையது. மாதவிலக்கு வந்ததை ஏதோ கெட்ட நோய் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் உயிரை விட்டிருந்தாள். கேட்பதற்கு ஒரு ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்ற எண்ணம் அவரை விடவில்லை. பதினெட்டு வருடம் கழித்து, செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் ஒரு போனை வைத்துக்கொண்டு, சாக நினைப்பவர்கள் கூப்பிடலாம் என்று விளம்பரம் கொடுத்தார். 999 மாதிரி மனதில் நிற்கிற நம்பராக மேன் 9000 வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். தேவாலயத்து போனின் தூசியைத் துடைத்துப் பார்த்தால் அதன் நம்பரே அதுதான் என்று ஒரு கதை உண்டு.

எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. நேரில் வருபவர்கள் பெருகியபோது, காத்திருப்பவர்களுக்கு டீ போட்டுக்கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்க சில சாதாரண மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் வாரா ஒன்றைக் கவனித்தார். டீயைக் குடித்துக்கொண்டு பேசியவர்களில் பலர் அவரைப் பார்க்காமலேயே எழுந்து போய்விட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது அங்கேயே கிடைத்துவிட்டது. 1954 பிப்ரவரியில் கேட்கும் வேலையையே அந்தத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு அப்படித்தான் உருவானது. நிபுணர் ஒருவர் நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று சொன்ன தருணம் அது. நம் தொழிலில் அப்படி ஒரு ஆர்க்கிடெக்டை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா இதே வழியில் வந்தது. அங்கேயும் போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான். ஆனால் இந்த மரபு முழுவதும் ஒரு குறிப்பிட்ட ஆளை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. விளிம்பில் நிற்பவர், இன்றிரவு என்ன ஆகுமோ என்றிருப்பவர். அவருக்கு அது சரி. எனக்கு கால் செய்கிற அக்காவுக்கு இன்றிரவு ஒன்றும் ஆகாது. நேற்று மாதிரியேதான் இன்றும், நாளையும், அடுத்த ஆறு வருடமும். அந்த நிலைமைக்கு அவசரம் என்று பேர் வைக்க முடியாது.

இந்த ஆளைப் பற்றி உரக்கப் பேசியவர் இன்னொரு பாதிரியார், மேரி வெப்ஸ்டர். காங்கிரகேஷனல் சபையைச் சேர்ந்தவர். 1954-ல், முப்பது வயதைத் தாண்டிய உடனே, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக ஊழியத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். 1963-ல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். கல்யாணம் செய்துகொள்ளாமல், வேலையையும் விட்டு, அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு வருமானமும் இல்லை, பிற்காலத்துக்கு ஒரு வழியும் இல்லை என்பதுதான் விஷயம். நானும் அப்படித்தான் என்று கடிதங்கள் வந்து குவிந்தன. 1965-ல் அப்படிப்பட்ட பெண்களுக்கான அமைப்பு தொடங்கியது. 1969-ல் வெப்ஸ்டர் இறந்துவிட்டார். அவர் இறந்து ஏழு வருடம் கழித்து, 1976-ல், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு பிரிட்டன் அரசு ஒரு உதவித்தொகை கொண்டுவந்தது.

அதில் ஒரு கொக்கி இருந்தது. கல்யாணம் ஆன பெண்களுக்குக் கிடையாது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருக்கிறார்கள் என்ற கணக்கு. தாயைப் பார்த்துக்கொண்டிருந்த ஜாக்குலின் டிரேக் என்ற பெண் வழக்கு போட்டு, அது ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போய், 1986-ல்தான் அந்த விலக்கு நீங்கியது. "மருமகதானே, அவ செய்யாம யாரு செய்வா" என்ற வாக்கியத்தை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்தில் அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்திருக்கிறார்கள்.

நம் நாட்டுக் கதை வேறு திசையில் போகிறது. இங்கே குடும்பத்தை யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை, அது எப்போதும் கூடவே நின்றது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் கூட்டம் தாங்கவில்லை. அங்கிருந்த டாக்டர் வித்யா சாகர் (இசையமைப்பாளர் இல்லை) ராணுவத்திடம் கூடாரங்கள் வாங்கி, மருத்துவமனை வளாகத்திலேயே அடித்து, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கட்டும் என்றார். கூட இருந்து பார்த்த குடும்பங்கள் நோயைப் புரிந்துகொண்டன, நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும், பாகாயத்தில் 1957-ல் தொடங்கியதிலிருந்து, குடும்பத்தாரைக் கூடவே தங்க வைக்கும் வழக்கத்துக்குப் பேர் போனது. உலக மருத்துவ இதழ்களில் இவை புதுமையாகப் பேசப்பட்டன. குணசீலத்துக்குப் போய்வந்த எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதில் ஆச்சரியம் இருந்திருக்காது. மனநிலை சரியில்லாதவரைப் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைப்பது திருச்சி வட்டாரத்தில் பழைய வழக்கம். கூட ஒரு ஆள் இருக்கத்தானே வேண்டும்.

ஆனால் கூடாரத்திலும் சரி, கோயிலிலும் சரி, குடும்பம் என்பது நோயாளிக்குக் கிடைத்த ஒரு வசதி. அந்த வசதிக்கு முதுகு வலிக்குமா, தூக்கம் வருமா என்பது தனிக் கேள்வியாக எழவில்லை. அதைக் கேட்டவர்களில் முக்கியமானவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஓய்வுக்குப் பிறகு 1984-ல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய ஊக்கத்தில்தான் நோயாளிகளின் குடும்பத்தாரே சேர்ந்து நடத்திய ஆஷா சென்னையில் உருவானது. மறதி நோய்க்கு இதே மாதிரி கேரளத்தில் 1992-ல் ஒரு சங்கம் தொடங்கியது. தொடங்கிய டாக்டர் ஜேக்கப் ராயின் அப்பாவுக்கே அல்சைமர் இருந்தது. டாக்டர் வீட்டிலும் "யாரு பாத்துக்கிறா" என்ற கேள்வி வரும்போதுதான் சங்கம் பிறக்கிறது போல.

சென்னையிலும் கொச்சியிலும் இது நடந்துகொண்டிருந்தபோது மற்ற ஊர்களில் என்ன நடந்தது என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவை ஒட்டி நடந்த ஒரு தனியார் காப்பகத்துக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அந்த 28 பேரையும் அங்கே கொண்டுபோய் விட்டது யார் என்ற கேள்வி அப்போது கோபமாகக் கேட்கப்பட்டது. நானும் கோபப்பட்டேன், அப்போது எனக்கு இருபது வயது. இப்போது எனக்கு வேறு கேள்விதான் வருகிறது. அங்கே கொண்டுபோய் விடுவதற்கு முந்தைய மாதம், அந்த வீட்டில் இருந்தவர் யாரிடம் பேசியிருக்க முடியும்? எந்த போனில்?

போன் என்று சொன்னதும் எங்கள் மாவட்டத்துக்கு வந்துவிடுகிறேன். 1984-ல் சாம் பிட்ரோடா முன்னின்று தொடங்கிய சி-டாட், கிராமங்களுக்கென்று ஒரு சின்ன தொலைபேசி இணைப்பகத்தை வடிவமைத்தது. ஏ.சி. வேண்டாம், தூசியும் வெயிலும் தாங்கும், 128 முனைகள். முதலாவது 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் வந்தது. அதற்கப்புறம் மஞ்சள் போர்டு பூத்துகள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்றவர்களுக்கு நினைவிருக்கும்: கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், வெளியே வரிசை. இரவு நேரத்தில் கட்டணம் பாதியும் காலுமாகக் குறையும் என்று காத்திருந்து பேசுவார்கள். அந்தக் கூண்டில் நல்ல சேதி சொல்லலாம், சாவுச் சேதி சொல்லலாம், பணம் அனுப்பச் சொல்லலாம். "என்னால முடியல" என்று சொல்ல முடியாது. மீட்டர் ஓடும், வெளியே நிற்பவர் மாமனாருக்குத் தெரிந்தவராக இருப்பார்.

இந்தக் காலத்தில்தான் மாவட்டமும் உருவாகிக் கலைந்து உருவானது. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரியில் அரியலூர் தனியாகப் போனது, அடுத்த வருடமே திரும்பிச் சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூரில் 5,65,223 பேர், தமிழ்நாட்டிலேயே குறைவு. அரியலூரில் 7,54,894. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் ஒரு பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலைகளும் லாரிகளும் இன்னொரு பக்கம். பெரிய வைத்தியம் என்றால் திருச்சி, தஞ்சாவூர். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியில்தான். இடையே சென்னை நெடுஞ்சாலை ஓடுகிறது. பைக்கில் போய் விழுந்து தண்டுவடத்தில் அடிபட்ட பையன்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்களின் கால்கள் எங்களுக்கு வருவதற்கு அந்த ரோடும் ஒரு காரணம்.

எங்கள் லைன் மாதிரி ஒன்றைச் சாத்தியமாக்கியது, என் கணிப்பில், எந்த மருத்துவக் கொள்கையும் அல்ல. 2003 மே மாதத்தில் செல்போனுக்கு வரும் அழைப்புகள் இலவசமான அந்த மாற்றம்தான். அதுவரை கூப்பிட்டாலும் காசு, எடுத்தாலும் காசு. அதற்கப்புறம் பிறந்ததுதான் மிஸ்டு கால். காசே செலவழிக்காமல், யார் கண்ணிலும் படாமல், "நீங்க கூப்பிடுங்க" என்று ஒரு ஆள் சொல்ல முடிந்தது. எங்களுக்கு இன்னமும் வருவதில் பெரும்பங்கு மிஸ்டு கால்தான். ரீசார்ஜ் காரணம் இல்லை, இப்போது எல்லாருக்கும் அன்லிமிடெட் இருக்கிறது. போன் வேறொருவருடையதாக இருக்கிறது, அதுதான்.

அரசு நம்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2008-ல் 108 ஆம்புலன்ஸ். 2013 கடைசியில் 104, மருத்துவ ஆலோசனை. 2021 அக்டோபரில் முதியோருக்கான 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. 2022 அக்டோபரில் டெலி மானஸ், 14416. தமிழ்நாட்டில் அதற்கு வைத்த பேர் 'நட்புடன் உங்களோடு'. இத்தனையும் நல்ல சேவைகள், நான் கால் செய்பவர்களுக்குத் தினமும் சொல்பவை. கூடவே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருகிறார்கள். படுத்திருப்பவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் அடிபட்டவர், நோயாளி, முதியவர், மனநலம் குன்றியவர் என்று ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். பார்த்துக்கொள்கிறவர் இத்தனை நம்பரையும் கூப்பிடுகிறார், ஒவ்வொன்றிலும் வேறொருவர் பேரில்.

சட்டம் அவரைக் கவனித்துவிட்டது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டமும் 'பராமரிப்பாளர்' யார் என்று வரையறுக்கின்றன. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர் பராமரிப்பாளர்தான், குடும்பத்தாரும் அதில் அடக்கம். படிவங்கள் சட்டத்தைவிட மெதுவாக நகர்பவை. எங்கள் குழு தொடங்கியபோது வேறெங்கோ இருந்து வாங்கிய ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில்தான் கால்களைப் பதிவு செய்தார்கள். முதல் பத்தி நோயாளி பெயர். இரண்டாவது வயது. மூன்றாவது நோய். அப்படியே போய் பதினோராவது பத்தி: அழைத்தவரின் உறவுமுறை. அவ்வளவுதான். அழைத்தவருக்குப் பெயரோ வயதோ கிடையாது. டேட்டாபேஸ் வேலை செய்பவர்களுக்கு இது புரியும்: ஒருவரைத் தனி அட்டவணையாக வைக்காமல் இன்னொருவரின் பண்பாக வைத்துவிட்டால், அவரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க முடியாது. எத்தனை பேர் ராத்திரி தூங்குவதில்லை என்று கேட்டால் அந்த ஷீட்டில் பதில் வராது, நோயாளி தூங்குவதைப் பற்றித்தான் வரும். இப்போது அழைத்தவர் முதல் பத்தியில் இருக்கிறார். நோயாளிகள் அவருக்குக் கீழே வருகிறார்கள், ஒன்றுக்கு மேற்பட்டவர்களும் உண்டு. மாமியாரையும் மகனையும் சேர்த்துப் பார்த்துக்கொள்பவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் எண்ணத் தெரிந்தது.

கூப்பிட்டு என்ன கேட்கிறார்கள்? (இதில் எந்த ஒருவரின் கதையும் இல்லை, பலருடையதைக் கலந்து சொல்கிறேன்.) பெரும்பாலும் கைவேலைக் கேள்விகள். படுக்கைப்புண் வராமல் இருக்க எத்தனை மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடணும்? இரண்டு மணிக்கு ஒருதரம். ராத்திரியுமா? ராத்திரியும். அப்போது மறுமுனையில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதைக் கேட்பதற்குத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள். படுத்தபடி ஊட்டலாமா? வேண்டாம், சாய்த்து உட்கார வைத்து ஊட்டுங்க, புரை ஏறும். மாற்றுத்திறனாளி அட்டைக்கு எங்கே போகணும்? மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை யாருக்குக் கிடைக்கும்? இந்தக் கேள்விகள் முடிந்து, "சரிங்க சார், வச்சிடறேன்" என்று சொன்ன பிறகுதான் கால் உண்மையில் ஆரம்பிக்கிறது. தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு நாள் போகணும், யாரு இவங்களைப் பாத்துப்பா? அதற்கு எங்களிடம் பதில் கிடையாது. ஆள் அனுப்ப எங்களால் முடியாது, எந்த நம்பராலும் முடியாது. யோசனை சொல்லாதே, பொய்யான தைரியம் சொல்லாதே, மௌனத்தை நிரப்பாதே என்று பயிற்சியில் சொன்னது அந்த நிமிடத்துக்காகத்தான். பத்து நிமிடம் பேசிவிட்டு, "யாருகிட்டயும் சொன்னதில்ல" என்று முடிப்பார்கள்.

ஆண்களும் கூப்பிடுகிறார்கள். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் அங்கிருந்து பேசுவார்கள். அம்மாவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு, என் மனைவி நல்லா பாத்துக்கிறா என்பார்கள். அந்த மனைவி கூப்பிட்டதாக ஷீட்டில் இருக்காது. கணிப்பைவிட எண் நல்லது என்பதால் ஒன்று சொல்கிறேன். 2019-ல் நடந்த இந்தியாவின் நேரப் பயன்பாட்டு ஆய்வில், குழந்தை, நோயாளி, முதியவர் எல்லாரையும் சேர்த்து வீட்டாரைப் பராமரிப்பதில் ஒரு நாளில் ஈடுபட்ட ஆண்கள் 14.0 சதவீதம், பெண்கள் 27.6 சதவீதம். ஈடுபட்டவர்களில் ஆண் சராசரியாக 76 நிமிடம், பெண் 134 நிமிடம்.

அந்த ஆய்வு எப்படி எடுக்கப்படுகிறது என்று பார்த்தேன். அதிகாலை 4 மணியிலிருந்து அடுத்த நாள் அதிகாலை 4 மணி வரை, அரை அரை மணி நேரமாகப் பிரித்து, என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் இருமல் சத்தம் மாறுகிறதா என்று ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கும் நேரம் இதில் தூக்கம் என்றுதான் விழும்.

இதைப் படித்துவிட்டுத்தான் லைனை இரவு 10 முதல் 12 வரையும் திறந்து பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அவர்கள் விழித்திருக்கும் நேரம் அதுதானே. ஆறு வாரம் வைத்துப் பார்த்தோம், மொத்தம் மூன்றே மூன்று கால். அதில் ஒன்று ராங் நம்பர். மதியத்தில் வழக்கமாகக் கூப்பிடும் ஒரு அம்மாவிடம் ஏன் என்று கேட்டேன். "ராத்திரி எல்லாரும் வீட்ல இருப்பாங்களே தம்பி" என்றார். எல்லாருக்கும் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, படுத்திருப்பவர் கண் அசந்த பிறகு, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் கிடைப்பதுதான் பேசுவதற்கான நேரம். எங்கள் லைன் இப்போது வாரத்தில் நான்கு நாள், மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை. மூன்று மணிக்குத்தான் அதிகம் அடிக்கிறது.